மூன்று சஸ்டெயின்களும் ஒரு பெடலும்

கீபோர்டு வந்த முதல் வாரத்திலேயே அது கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். பெடலை மிதித்தால் ஒலி நீள வேண்டும், காலை எடுத்தால் நிற்க வேண்டும். எனக்கு நடந்ததோ தலைகீழ். கால் வைக்காதபோது வாசித்த சுரமெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் குழைந்து ஒரே இரைச்சல். மிதித்தால் சட்டென்று அமைதி. பெடலைக் கழற்றி மாட்டினேன், ஊதினேன், தட்டினேன். கடைசியில் வாத்தியாருக்குப் போன் போட்டேன்.

“சார், பெடல் தலைகீழா வேலை செய்யுது.”

“ஆன் பண்றப்ப கால் அது மேல இருந்துச்சா?”

இருந்தது.

“ஆஃப் பண்ணிட்டு, காலை எடுத்துட்டு ஆன் பண்ணுங்க தம்பி.” அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

பெடல் என்பது உள்ளே ஒரு சாதாரண சுவிட்ச். மிதித்தால் மின்சுற்று மூடிக்கொள்ளும் வகை ஒன்று, மிதித்தால் திறந்துகொள்ளும் வகை இன்னொன்று. எது வந்தாலும் சமாளிக்கத் தெரிந்த கீபோர்டு, ஆன் ஆகும் கணத்தில் சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே ‘யாரும் மிதிக்கவில்லை’ என்று எடுத்துக்கொள்கிறது. நான் மிதித்துக்கொண்டே ஆன் செய்தேன், அதுவும் நம்பிவிட்டது.

அன்று இரவு கையேட்டை எடுத்து, ‘சஸ்டெயின்’ என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேடினேன். மூன்று இடங்களில் வந்தது. மூன்றும் வேறு வேறு சங்கதி. ஒரே வகுப்பில் மூன்று குமார் இருப்பது மாதிரி. குட்டைக் குமார், நெட்டைக் குமார் என்று அடைமொழி வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

முதல் குமார் பியானோவிலிருந்து வந்தவர். 1700-ஐ ஒட்டி ஃபிளாரன்ஸ் நகரில் பார்த்தொலோமியோ கிறிஸ்டோஃபோரி செய்த கருவிதான் பியானோவின் மூதாதை. பியானோவில் கம்பிகளின் மேல் கம்பளித் துணி ஒட்டிய சிறு மரத்துண்டுகள் உட்கார்ந்திருக்கும். ஒரு கட்டையை அழுத்தினால் அதற்குரிய கம்பியின் மேலிருக்கும் துணி எழும். விட்டால் மறுபடி உட்கார்ந்து ஒலியை அமுக்கிவிடும். வலது பெடலை மிதித்தால் எல்லாத் துணிகளும் ஒரேயடியாக எழுந்துவிடும். அதனால் விரலை எடுத்த பிறகும் கம்பி தானாக அடங்கும்வரை அதிர்ந்துகொண்டிருக்கும். இதைச் செய்கிற பெடலுக்குத்தான் சஸ்டெயின் பெடல் என்று பெயர். டாம்பர் பெடல் என்றாலும் இதுவேதான்.

இரண்டாவது குமார், மின்சுற்றால் ஒலியை உண்டாக்கும் சிந்தசைசரின் பிள்ளை. 1964-இல் பொறியாளர் ராபர்ட் மூகும் இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சும் சேர்ந்து தங்கள் முதல் கருவியை உருவாக்கிக்கொண்டிருந்தபோது ஒரு சிக்கல் வந்தது. மின்னணு அலையியற்றி ஓயாமல் ஊளையிடும். அதற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. சுரம் என்றால் பிறக்க வேண்டும், வாழ வேண்டும், அடங்க வேண்டும். ஒரு அழைப்பு மணிப் பொத்தானை வாங்கிவரச் சொல்லி, அதை வைத்து மூக் செய்து பார்த்த சுற்றிலிருந்துதான் ‘என்வலப்’ என்ற சங்கதி அவர்கள் கருவிக்கு வந்தது. பின்னாளில் அது நான்கு பகுதிகளாக நிலைத்தது: அட்டாக், டீகே, சஸ்டெயின், ரிலீஸ். கட்டையை அழுத்தியதும் ஒலி உச்சிக்கு ஏற எடுத்துக்கொள்ளும் நேரம் அட்டாக். உச்சியிலிருந்து சற்றே இறங்கும் நேரம் டீகே. விரலை எடுத்த பின் அடங்கும் நேரம் ரிலீஸ். மூன்றும் நேரங்கள். நடுவில் இருக்கும் சஸ்டெயின் மட்டும் நேரம் இல்லை, அளவு. விரல் கட்டையில் இருக்கும்வரை ஒலி எவ்வளவு உரக்க நிற்க வேண்டும் என்று அது சொல்கிறது. எவ்வளவு நேரம் என்பதை விரல்தான் முடிவு செய்யும். நான்கு குமிழ்களை ஒரே வரிசையில் வைத்து அதில் ஒன்றுக்கு மட்டும் வேறு அலகு கொடுத்த வடிவமைப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இந்த இரண்டு குமார்களும் எங்கே சந்திக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளக் கீபோர்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பியானோ ஒலியை வைத்து, பெடலை மிதித்து, ஒரு கட்டையைத் தட்டிவிட்டு விரலை எடுங்கள். ஒலி நீளும், மெல்லத் தேயும், இல்லாமல் போகும். இப்போது ஆர்கன் ஒலிக்கு மாற்றி அதையே செய்யுங்கள். ஒலி குறையவே குறையாது. காலை எடுக்கும்வரை அப்படியே நிற்கும். மிதித்தது ஒரே பெடல்தான். பெடல் செய்கிற வேலை ஒன்றே ஒன்று: ‘விரல் எழுந்துவிட்டது’ என்ற செய்தி ஒலியை எட்டாமல் தடுத்து வைப்பது. அதாவது ரிலீஸ் தொடங்காது. அதற்குப் பிறகு ஒலியின் கதி என்ன என்பது என்வலப்பின் சஸ்டெயினைப் பொறுத்தது. பியானோவுக்கு அது சுழியம். விரலையே எடுக்காவிட்டாலும் ஒலி தேய்ந்துதான் போகும். ஆர்கனுக்கு அது முழு அளவு. வயலின் கூட்டொலியை வைத்துக்கொண்டு பியானோ பழக்கத்தில் பெடலை மிதித்து விளையாடுகிறவர்களின் வாசிப்பு ஏன் சேறாகிறது என்பதற்கும் விடை இதுவே.

மூன்றாவது குமார் சில வீட்டுக் கீபோர்டுகளின் முகப்பில் பொத்தானாக இருப்பவர். அழுத்தினால் எல்லாச் சுரங்களுக்கும் கொஞ்சம் வால் முளைக்கும். அது உண்மையில் ரிலீஸை நீட்டுகிற வேலை. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

இப்படி ஒரு சொல்லைத் துரத்தியதில் ஒன்று பிடிபட்டது. இந்தப் பலகையின் மேல் எழுதியிருக்கும் சொற்கள் ஒரே ஊரில் பிறந்தவை இல்லை. பியானோவிலிருந்து சில, ஆர்கனிலிருந்து சில, ஒயர் செருகிய பழைய சிந்தசைசரிலிருந்து சில, கணினியிலிருந்து சில. ஒவ்வொன்றும் தன் பழைய வீட்டு முகவரியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறது. அந்த முகவரி தெரிந்தால் சொல்லை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

சிந்தசைசர்களில் 16, 8, 4 என்று அடிக்குறியோடு ஒரு குமிழ் இருக்கும். எதன் நீளம் இது? உள்ளே நீளமாக எதுவும் கிடையாது. அது குழாய் ஆர்கனில் இருந்த குழாயின் நீளம். எட்டடி வரிசை என்றால் கட்டையில் எந்தச் சுரமோ அதுவே ஒலிக்கும். பதினாறடி ஒரு ஸ்தாயி கீழே, நாலடி ஒரு ஸ்தாயி மேலே. குழாய் இரட்டிப்பு நீளமானால் சுருதி பாதியாகும். 1935-இல் சந்தைக்கு வந்த ஹேமண்ட் மின் ஆர்கனிலும் குழாய் கிடையாது. அதன் இழுப்பான்களிலும் இதே அடிக்கணக்குதான். குழாய் போய்ப் பல தலைமுறை ஆனாலும் அதன் அளவுகோல் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பேட்ச் என்ற சொல்லும் அப்படியே. மூகின் பழைய கருவிகளில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு ஒயர் செருகித்தான் ஒரு ஒலியை உண்டாக்க வேண்டும். அந்த ஒயருக்குப் பேட்ச் கார்டு என்று பெயர். ஒயர்கள் செருகிய அந்த அமைப்பே பேட்ச். இப்போது ஒரு பொத்தானை அழுத்தி ‘பேட்ச் 12’ என்று மாற்றுகிறோம். யமஹா இதையே வாய்ஸ் என்கிறது, கேசியோ டோன் என்கிறது, கோர்க் புரோகிராம் என்கிறது. நான்கு பெயரும் ஒரே ஆளுக்கு. ஒரு பெயரில் மூன்று பேரைப் பார்த்தோம். இங்கே ஒரே ஆள் நான்கு பெயரில் திரிகிறார்.

அந்த ‘வாய்ஸ்’ இன்னொரு இடத்தில் வேறு வேடம் போட்டுக்கொண்டு வரும். பாலிஃபனி 64 வாய்ஸ் என்று போட்டிருந்தால் அது 64 வகை ஒலிகள் இருப்பதாகப் பொருள்படாது. ஒரே நேரத்தில் 64 ஒலிகள் உயிரோடு இருக்க முடியும் என்று பொருள். பத்து விரலுக்கு எதற்கு 64 என்று நானும் கேட்டவன்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். பல பியானோ ஒலிகள் ஸ்டீரியோவில் பதிவானவை. ஒரு கட்டைக்கு இரண்டு வாய்ஸ் செலவாகலாம். பியானோவோடு வயலினையும் சேர்த்து ஒலிக்கவிட்டால், அதற்கு லேயர் என்று பெயர், ஒரு கட்டைக்கு நான்கு. 32 வாய்ஸ் கருவியில் இப்படி வாசித்தால் எட்டுக் கட்டைகளோடு கையிருப்பு தீர்ந்தது. விரல்களே பத்து இருக்கின்றன. இதற்கு மேல் பெடலை மிதித்தால் விரல் விட்ட சுரங்களும் கணக்கில் உட்கார்ந்துகொள்ளும். பின்னணித் தாளம் வேறு தன் பங்குக்குக் கேட்கும். தீர்ந்துபோனால் கருவி நின்றுவிடாது. வழக்கமாகப் பழைய சுரம் ஒன்றை ஓசைப்படாமல் கொன்றுவிட்டு அதன் இடத்தைப் புதியதற்குக் கொடுக்கும். பெடலோடு வேகமாக வாசிக்கும்போது அடியில் ஒலித்த கீழ் ஸ்தாயிச் சுரம் திடீரென்று காணாமல் போவது இதனால்தான். அது உங்கள் விரலின் குற்றம் என்று எண்ணி வருந்த வேண்டாம். நான் ஒரு மாதம் வருந்தினேன்.

வெலாசிட்டிக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. பலரும் இதை ‘எவ்வளவு பலமாக அழுத்துகிறோம்’ என்று சொல்லிக்கொடுப்பார்கள். வெலாசிட்டி என்றால் வேகம். கருவி அளப்பதும் வேகத்தைத்தான். பொதுவான அமைப்பில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு தொடுபுள்ளிகள். கட்டை இறங்கும்போது முதலில் ஒன்றைத் தொடும், அடுத்து இன்னொன்றை. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதுதான் கணக்கு. நேரம் குறைந்தால் ஒலி உரக்கும். ஒரு கட்டையை இரு கைகளின் பலத்தையும் சேர்த்து, ஆனால் நத்தை மாதிரி மெதுவாக அழுத்திப் பாருங்கள். முணுமுணுப்புத்தான் வரும்.

இது ஏமாற்று வேலை என்று முதலில் நினைத்தேன். பியானோவின் உட்புறத்தைப் பார்த்த பிறகு எண்ணம் மாறியது. பியானோவில் கட்டை சுத்தியலைக் கம்பிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. கொஞ்ச தூரம் தள்ளிவிட்டு விலகிக்கொள்ளும். மீதி தூரத்தைச் சுத்தியல் தானாகப் பறந்து கடந்து கம்பியில் மோதித் திரும்பும். பறக்கிற சுத்தியலுக்கு உங்கள் விரல் எவ்வளவு நேரம், எவ்வளவு பலமாக அழுத்திக்கொண்டிருக்கிறது என்பது தெரியாது. எந்த வேகத்தில் புறப்பட்டது என்பது மட்டுமே அதன் சொத்து. ஆக, வேகத்தை அளந்தவர்கள் சரியானதைத்தான் அளந்திருக்கிறார்கள். அழுத்தத்தை அளக்கும் வசதியும் சில கருவிகளில் உண்டு: கட்டை அடிவரை போன பிறகும் மேலும் அழுத்தினால் ஒலி அதிரும் அல்லது பிரகாசமாகும். அதற்குப் பெயர் ஆஃப்டர்டச். பியானோவில் இப்படி ஒன்று கிடையாது.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் பிரித்து வைத்துவிடலாம். ‘டச் சென்சிடிவ்’ என்றால் மேலே சொன்ன வேகக் கணக்கு. ‘வெயிட்டட்’ என்றால் கட்டையின் கனம். முதலாவது ஒலியைப் பற்றியது, இரண்டாவது விரலைப் பற்றியது. விளையாட்டுப் பொருள் மாதிரி லேசான கட்டைகளிலும் டச் இருக்கலாம். பியானோ பழக நினைப்பவருக்கு ஹேமர் ஆக்‌ஷன் கொண்ட 88 கட்டைக் கருவியே நல்லது என்பது என் கட்சி. அதில் கட்டைக்குள் சிறு சுத்தியல் மாதிரி ஒரு எடை உண்மையாகவே அசையும். கிரேடட் என்று போட்டிருந்தால் இடப்பக்கக் கட்டைகள் கனமாகவும் வலப்பக்கம் போகப் போக லேசாகவும் இருக்கும். பியானோவில் கீழ் ஸ்தாயிச் சுரங்களின் சுத்தியல்கள் பெரியவை, அதன் நகல் இது. ஆர்கனோ சிந்தசைசரோ வாசிக்க நினைப்பவருக்கு இந்தக் கனம் சுமைதான். ஐந்து ஸ்தாயி கொண்ட 61 கட்டை அவருக்குத் தாராளம்.

டிரான்ஸ்போஸ் என் மானத்தை வாங்கிய பொத்தான். தமிழில் ‘கட்டை’ என்பது விரல் வைக்கும் பலகைத் துண்டுக்கும் பெயர், சுருதிக்கும் பெயர். ‘சி’ ஒரு கட்டை, ‘டி’ இரண்டு கட்டை, ‘ஜி’ ஐந்து கட்டை, நடுவில் கறுப்புக்கெல்லாம் அரை. பலகைத் துண்டின் இடமே சுருதியின் பெயராகிவிட்டதால், கண்ணுக்குத் தெரிகிற கட்டையும் காதுக்குக் கேட்கிற கட்டையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பிப் பழகிவிட்டோம். அந்த நம்பிக்கையைத்தான் டிரான்ஸ்போஸ் உடைக்கிறது. முதல்நாள் ஒரு பாட்டுக்காக +2 வைத்திருந்தேன். மறுநாள் பாடுகிறவர் “ஒரு கட்டை கொடுங்கண்ணா” என்றார். ‘சி’யை அழுத்தினேன். கேட்டது இரண்டு கட்டை. அவர் சரணத்தில் மேல் ஸ்தாயியை எட்ட முடியாமல் தவித்தபோது நான் அவர் தொண்டையைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். ஆக்டேவ் பொத்தான் இதே வேலையைப் பன்னிரண்டு பன்னிரண்டு படியாகச் செய்யும், அதனால் சுருதிப் பெயர் மாறாது. டியூனிங் என்பது அரைச் சுரத்தை நூறாகப் பிரித்த சென்ட் கணக்கில் நகர்த்துவது; நடுப்பகுதி ‘ஏ’ 440 ஹெர்ட்ஸ் என்ற அளவை அதில்தான் ஏற்றி இறக்குவார்கள்.

பிட்ச் பெண்ட் சக்கரம் இடது ஓரத்தில் இருப்பது. விட்டால் தானாக நடுவுக்கு வந்துவிடும். பெரும்பாலும் மேலே இரண்டு அரைச் சுரம், கீழே இரண்டு அரைச் சுரம் போகும்படி வைத்திருப்பார்கள், வேண்டுமானால் கூட்டலாம். கமகம் வாசிக்க விரும்புகிறவர்கள் இதன் மேல்தான் உயிரை வைத்திருப்பார்கள். பக்கத்துச் சக்கரம் மாடுலேஷன். விட்ட இடத்தில் நிற்கும், பெரும்பாலான ஒலிகளில் நடுக்கம் சேர்க்கும். இந்த நடுக்கத்துக்குப் பின்னால் மெதுவாக ஆடும் ஒரு அலை இருக்கிறது, எல்.எஃப்.ஓ. என்று அதற்குப் பெயர். விநாடிக்கு ஐந்தாறு தடவை சுருதியை ஆட்டினால் காதுக்கு அது நடுக்கம். அந்த ஆட்டத்தை விநாடிக்கு நூற்றுக்கணக்கில் ஏற்றினால்? 1967-இல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கம்ப்யூட்டரில் இதைச் செய்து பார்த்தார். நடுக்கம் மறைந்து புதிதாக ஒரு நாதம் கேட்டது, மணி மாதிரியும் பித்தளை மாதிரியும். எஃப்.எம். சிந்தசிஸ் என்று பெயர் பெற்ற அந்த முறையை யமஹா உரிமம் வாங்கி, 1983-இல் டி.எக்ஸ்.7 என்ற கருவியாக்கியது. பதிவு செய்த ஒலித்துண்டு எதுவும் அதில் இல்லை; எல்லாம் கணக்கு. இன்றைய வீட்டுக் கீபோர்டுகள் பெரும்பாலும் எதிர்வழி: உண்மைக் கருவியைப் பதிவு செய்து, அந்தத் துண்டைக் கட்டைக்குக் கட்டை ஒலிக்கவிடுகின்றன. அது சாம்பிள்.

அதே 1983-இல்தான், கருவிகள் ஒன்றோடொன்று பேசும் பொதுமொழியான மிடியும் வந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் NAMM என்ற இசைக்கருவி வணிகக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் சர்க்கிட்ஸ் நிறுவனத்தின் புரொஃபெட்-600-ஐயும் ரோலண்டின் ஜூபிடர்-6-ஐயும் ஒரு ஒயரால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றை வாசித்தால் மற்றதும் ஒலித்தது. போட்டியாளர்கள் ஒரே மொழி பேச ஒப்புக்கொண்ட அரிய காட்சி. முன்நின்ற சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டின் இகுதாரோ ககேஹஷிக்கும் 2013-இல் தொழில்நுட்ப கிராமி விருது கொடுத்தார்கள்.

மிடியில் ஒலி போவதில்லை; இதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். நடுக் ‘சி’யை அழுத்தினால் ஒயரில் போவது மூன்று எண்கள்: 144, 60, 100. முதலாம் சானலில் ஒரு சுரம் தொடங்குகிறது, அது 60-ஆம் சுரம், வேகம் 100. சுரக்குறிப்பை எழுதி அனுப்புவது மாதிரிதான். எந்தத் தொண்டை பாடும் என்பது வாங்குகிறவர் பாடு. நான் ராத்திரி கண்விழித்துச் செய்த ஒரு மிடிக் கோப்பை நண்பருக்கு அனுப்பியபோது, அவர் வீட்டில் அது பழைய கைப்பேசி ரிங்டோன் மாதிரிக் கேட்டதற்குக் காரணம் இதுதான். மிடி கன்ட்ரோலர் என்று விற்கிற கட்டைப் பலகையும் இப்படியே. பெரும்பாலானவற்றுக்குள் ஒலியே கிடையாது. அதை வாங்கி வந்து வால்யூம் எங்கே என்று தேடியவரை எனக்கு நேரில் தெரியும்.

மிடியில் மதிப்புகள் எல்லாம் 127-இல் நிற்பதற்கும் காரணம் உண்டு. எட்டு பிட்டில் ஒன்றை, வருவது கட்டளையா விவரமா என்று பிரிக்க எடுத்துக்கொண்டார்கள். மீதி ஏழு பிட்டில் 0 முதல் 127 வரைதான் எழுத முடியும். 1991-இல் வந்த ஜெனரல் மிடி என்ற பொது விதிமுறை இந்த 128 இடங்களுக்கும் ஒலி ஒதுக்கியது. 1 பியானோ, 105 சிதார், 112 ஷெனாய், 128 துப்பாக்கிச் சத்தம். மனிதர்கள் ஒன்றிலிருந்து எண்ணுவார்கள், கருவிகள் சுழியத்திலிருந்து. சில மென்பொருள்களும் சுழியத்திலிருந்தே எண்ணும். அங்கே 105 என்று போட்டால் சிதாருக்குப் பதில் பாஞ்சோ வந்து நிற்கும். நடுக் ‘சி’ எல்லாருக்கும் 60-தான். ஆனால் அதை யமஹா சி3 என்கிறது, ரோலண்ட் சி4 என்கிறது. எண்ணைச் சொல்வது உத்தமம்.

கீபோர்டைக் கம்ப்யூட்டரோடு இணைத்த முதல் நாள் ஒவ்வொரு சுரமும் இரண்டு தடவை கேட்டால், கருவியின் ‘லோக்கல் கன்ட்ரோல்’ ஆன் நிலையில் இருக்கலாம். கட்டை நேராக ஒரு தடவை ஒலிக்கிறது, அதே செய்தி கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை. ஆஃப் செய்தால் சரியாகிவிடும். பிறகு கம்ப்யூட்டர் இல்லாமல் ஆன் செய்து, ஒலியே வரவில்லை என்று மறுபடி வாத்தியாருக்குப் போன் போடலாம். போட்டேன். “லோக்கல்” என்று ஒரு சொல் சொல்லி வைத்துவிட்டார்.

பெடல் மறுபடி வேலையைக் காட்டியது, பழைய கீபோர்டை விட்டு வேறொன்றுக்கு மாறியபோது. அதே தலைகீழ். காலைத் தூக்கிக்கொண்டு ஆன் செய்தேன், ஆஃப் செய்தேன், மறுபடி ஆன் செய்தேன், மாறவில்லை. அந்தக் கருவிக்குத் தானாகக் கண்டுபிடிக்கத் தெரியாது போலிருக்கிறது. இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை. ஒயரைப் பிடுங்கிப் பெடலைத் திருப்பினேன். அடிப்புறத்தில், அத்தனை வருஷமும் தரையையே பார்த்துக்கொண்டிருந்த இடத்தில், நகத்தால் நகர்த்தும் அளவுக்கு ஒரு சிறு சுவிட்ச் இருந்தது. பக்கத்தில் பொலாரிட்டி என்று எழுதியிருந்தது.